ஹெமிங்வேயின் ஹாம்பர்கர்

எட்டில் ஒரு பங்குதான் நீருக்கு மேல் தெரிய வேண்டும் என்று 1932-ல் பனிப்பாறையை உதாரணம் காட்டி எழுதினார் ஹெமிங்வே. அந்த ஒன்றை வைத்துக்கொண்டு பத்து வருஷமாகப் பிறர் எழுத்தில் கைவைத்து வந்திருக்கிறேன். ஒரு இளைஞர், அவர் கவிதையில் நான் பாதியை அடித்த பிறகு, எதுவும் அனுப்புவதில்லை.

க்யூபாவில் ஹெமிங்வே வீட்டிலிருந்த காகிதங்களின் நகல்கள் 2013-ல் பாஸ்டன் கென்னடி நூலகத்தில் பார்வைக்கு வந்தன. அவற்றில் ஒரு ஹாம்பர்கர் செய்முறையும் உண்டு. சிக்கனமே இல்லை. ஒரு பவுண்டு கொத்திய மாட்டிறைச்சிக்குப் பூண்டு, வெங்காயத்தாள், ஊறுகாய், முட்டை, ஒயின், போதாததற்குப் பொடிகள் வேறு. எனக்குக் கோபம்கூட வந்தது.

ஒரு ஞாயிறன்று, கிடைக்காத பொடிகளை விட்டு மற்றதைச் சேர்த்து இரண்டு தட்டினேன். இன்னும் இரண்டு என் கொள்கைப்படி: வெறும் இறைச்சி, பிசையாமல், கல்லில் போடும்போது மேலே மட்டும் உப்பு. (உப்பை முன்னாலேயே கலந்தால் புரதம் கரைந்து இறைச்சி ரப்பராக இறுகும்.) என்னுடையது வறண்டு போயிற்று. ஐந்தில் ஒரு பங்காவது கொழுப்பு இருந்தால்தான் வெறும் இறைச்சி தாங்கும். கடையில் வாங்கியதில் அது இல்லை. ஹெமிங்வே கேட்டிருப்பதும் கொழுப்பு குறைந்த இறைச்சிதான். ஒயினும் முட்டையும் அலங்காரமல்ல, ஈரம். இதை அவர் செய்முறையில் சொல்லவில்லை.

அவருடையதை இரண்டையும் பன்னில் வைத்துச் சாப்பிட்டேன். பிறகு அந்த இளைஞர் கவிதையில் நான் அடித்த வரிகளை எழுதிப் பார்க்க உட்கார்ந்தேன். ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை.