சும்மா சுற்றிக் காட்டினால் போதுமா?

கோவையிலிருந்து பொள்ளாச்சிக்குப் போகும் சாலையோரத்தில் ஆட்டோ எலக்ட்ரிக்கல் பட்டறைகளுக்குக் குறைவில்லை. பொள்ளாச்சியைத் தாண்டினால் ஆழியாறு, அதற்கு மேல் 40 கொண்டை ஊசி வளைவுகள், வால்பாறை எஸ்டேட்டுகள். அதனால் மற்ற ஊர்ப் பட்டறைகளில் எப்போதாவது கண்ணில் படும் வேலை ஒன்று இந்தப் பக்கம் சகஜமாக நடக்கிறது: சிக்கிய வண்டியை இழுத்தெடுக்கும் மின்சார வின்ச்சை ஜீப்பின் முன் பம்பரில் உட்காரவைத்து வயரிங் செய்வது. தேயிலைத் தோட்டத்துப் பழைய மஹிந்திரா ஜீப்பும் வரும், ஞாயிற்றுக்கிழமை சேற்றில் இறக்குவதற்கென்றே வாங்கிய புதுத் தாரும் வரும். அப்படிப்பட்ட பட்டறையில் இந்த வேலையை முதலிலிருந்து கடைசிவரை நின்று பார்த்தவன் என்ற முறையில் எனக்கு ஒரே ஒரு கேள்விதான். வேலை முடிந்ததும் ரிமோட்டை அழுத்துகிறார்கள். டிரம் சுற்றி ரோப் வெளியே வருகிறது, மறுபக்கம் அழுத்தினால் உள்ளே போகிறது. வண்டிக்காரர் சந்தோஷமாகக் காசைக் கொடுத்துவிட்டுக் கிளம்புகிறார். இந்தச் சோதனையால் நமக்குத் தெரியவருவது என்ன? வயர்களை இடம் மாற்றிக் கொடுக்கவில்லை என்பது தெரியும். வயரிங் தாங்குமா என்பது தெரியாது. அது தெரியவருவது சேற்றில் சக்கரம் புதைந்த பிறகுதான். அங்கே கிரிம்பிங் கருவியும் கிடையாது, ஆளும் கிடையாது.

கணக்கு போட்டால் இது இன்னும் தெளிவாகும். இந்த ரக வண்டிகளில் பரவலாக மாட்டப்படுவது 9,500 பவுண்டு வின்ச். ஏறக்குறைய 4,300 கிலோ இழுக்கும் என்று பெட்டியில் போட்டிருப்பார்கள். வின்ச்சை இப்படி ஒற்றை எண்ணால் அளக்கிற பழக்கம் பழையது. வார்ன் நிறுவனத்தின் பேர்போன 8274 மாடலின் பெயரே 8,000 பவுண்டும் 1974ஆம் ஆண்டும் சேர்ந்ததுதான். ஆனால் அந்த எண் டிரம்மை ஒட்டிய முதல் அடுக்கு ரோப்புக்கு மட்டுமே பொருந்தும். அடுக்கு ஏற ஏற இழுவை குறையும் என்பதைப் பெட்டியில் யாரும் பெரிய எழுத்தில் அச்சடிப்பதில்லை. உள்ளே இருப்பது 12 வோல்ட் சீரிஸ் மோட்டார். சும்மா சுற்றும்போது 70, 80 ஆம்பியர் எடுக்கும். முழுச் சுமையில் 400ஐ நெருங்கும். பேட்டரியிலிருந்து போக இரண்டு மீட்டர், திரும்பி வர இரண்டு மீட்டர், கேபிள் 16 ஸ்கொயர் எம்எம் என்று வையுங்கள். 400 ஆம்பியரில் கேபிள் மட்டுமே 1.7 வோல்ட்டை விழுங்கிவிடும். அதுவே 35 ஸ்கொயர் என்றால் 0.8 வோல்ட். சும்மா சுற்றும்போதோ அந்த மெலிந்த கேபிளிலும் நஷ்டம் 0.3 வோல்ட் சொச்சம்தான். டிரம் அதே வேகத்தில் சுற்றுவதுபோலத்தான் இருக்கும். நல்ல கேபிளும் மட்டமான கேபிளும் பட்டறை வாசலில் ஒரே மாதிரி வேலை செய்யும் என்பதுதான் இந்தத் தொழிலின் சங்கடம்.

கேபிளையாவது கண்ணால் பார்த்து ஓரளவு எடைபோடலாம். இந்த வேலைக்குப் பெரும்பாலும் வாங்குவது வெல்டிங் கேபிள். மெல்லிய இழைகள் நூற்றுக்கணக்கில் சேர்ந்திருப்பதால் இன்ஜினைச் சுற்றி வளைத்துக் கொண்டுபோக வசதி. விவரம் தெரிந்த எலக்ட்ரீஷியன் அதை அப்படியே வெட்டிவிட மாட்டார். நுனியில் நாலு இழையைப் பிரித்துக் கத்தி முனையால் சுரண்டிப் பார்ப்பார். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செப்பு முலாம் பூசிய அலுமினியம். தடை செப்பைவிட ஒன்றரை மடங்குக்கு மேல். உண்மையான சூட்சுமம் கேபிள் நுனியில் மாட்டும் லக்கில் இருக்கிறது. இன்சுலேஷனை லக்கின் குழல் எவ்வளவு ஆழமோ அவ்வளவுக்கு மட்டும் சீவ வேண்டும். இழைகளை ஒன்றுகூட மடங்காமல் உள்ளே செலுத்தி, ஹைட்ராலிக் கிரிம்பரின் அறுகோண டையில் வைத்து அழுத்த வேண்டும். டை விலகியதும் இணைப்பைக் கையில் வாங்கி, கேபிளை ஒரு பக்கமும் லக்கை மறுபக்கமும் பிடித்து முறுக்கிப் பார்க்கிறார்கள். மயிரிழை அசைந்தாலும் வெட்டிப் போட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து. கிரிம்பர் இல்லாத இடங்களில் லக்கின்மேல் உளியை வைத்துச் சுத்தியலால் நசுக்குவதும் உண்டு. வெளியே இரண்டின் மேலும் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவை ஏற்றிவிட்டால் எது அழுத்தியது, எது நசுக்கியது என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

அந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது? சரியாகப் பிடிக்காத ஒரு லக்கில் தடை வெறும் 2 மில்லி ஓம் என்று வைத்துக்கொள்வோம். 400 ஆம்பியர் போனால் அங்கே எரிவது 320 வாட். பட்டறை மேசையில் கிடக்கும் 100 வாட் சால்டரிங் அயர்ன் மூன்றை ஒரே லக்கின்மேல் சேர்த்து வைத்ததற்குச் சமம். ஈயப்பற்று 183 டிகிரியை ஒட்டி இளக ஆரம்பித்துவிடும். ஆகவே ஈயத்தை மட்டும் நம்பிச் செய்த இணைப்பு தன் சூட்டில் தானே கழன்றுகொள்ளும். வின்ச்சைச் சில நொடி இழுக்கவிட்டு, கட்-ஆஃப் செய்தபின் ஒவ்வொரு லக்காகத் தொட்டுப் பார்க்கும் பழக்கம் மூத்த தொழிலாளர்களிடம் உண்டு. மற்றதெல்லாம் வெதுவெதுப்பாக இருக்க, ஒன்று மட்டும் கையைச் சுட்டால் குற்றவாளி அதுதான். இந்தக் கையை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். ஆனால் வண்டி சுமையை இழுத்தால்தான் கைக்கும் ஏதாவது தெரியும். வெறும் டிரம் சுற்றினால் தேர்ந்த கைக்கும் எல்லா லக்கும் ஒன்றுதான்.

எர்த் விஷயம் இன்னும் மோசம். ஹெட்லைட், ஹாரன் எல்லாவற்றுக்கும் பாடி எர்த் கொடுத்தே பழகிய கை, வின்ச் மோட்டாரின் எர்த்தையும் பக்கத்திலுள்ள சேசிஸ் போல்ட்டில் மாட்டிவிடத் துடிக்கும். இரண்டு மீட்டர் கேபிள் மிச்சம் அல்லவா! ஆனால் சேசிஸ் வழி என்பது பெயின்ட், துரு, போல்ட், பேட்டரியின் மெலிந்த எர்த் பட்டை என்று வரிசையாக நிற்கும் சுங்கச்சாவடிகள். ஒவ்வொன்றும் தன் பங்கை வசூலிக்கும். இன்ஜின் எர்த் பட்டை கெட்டுப்போன பழைய வண்டிகளில், செல்ஃப் அடிக்கும்போது கரன்ட் ஆக்சிலரேட்டர் ஒயர் வழியாகப் பாய்ந்து அதைக் கருக்கிவிட்ட கதை எந்தப் பட்டறையிலும் கிடைக்கும். செல்ஃப் மோட்டார் ஓடுவது இரண்டு மூன்று நொடி. வின்ச் நிமிடக்கணக்கில் இழுக்கும். ஆகவே மோட்டாரின் எர்த் ஸ்டட்டிலிருந்து பேட்டரியின் நெகட்டிவுக்கு, பாசிட்டிவுக்குப் போட்ட அதே கனத்தில் நேராக ஒரு கேபிள். இதில் சமரசத்துக்கு இடமில்லை.

ஒரு நிமிடம்தானே இழுக்கப்போகிறோம், கேபிள் சூடாவதற்குள் வேலை முடிந்துவிடும், எதற்கு இத்தனை கனம் என்று கேட்பவர்கள் உண்டு. கேபிளின் சூட்டைப் பொறுத்தவரை அதில் நியாயம் இருக்கிறது. இவ்வகை மோட்டார்களையே ஒரு நிமிடம் இழுத்தால் பல நிமிடம் ஆறவிடத்தான் சொல்கிறார்கள். ஆனால் நான் பேசுவது கேபிள் உருகுவதைப் பற்றி அல்ல. வோல்ட்டேஜ் விழுவது நிமிடத்துக்குக் காத்திராது. பட்டனை அழுத்திய கணமே விழும். டைனமோ நூறு ஆம்பியர் கொடுத்தாலும் மீதி முன்னூறு பேட்டரியிலிருந்துதான் வர வேண்டும், பேட்டரியே அப்போது திணறிக்கொண்டிருக்கும். அதற்கும் கீழே கேபிளும் லக்கும் எர்த்தும் ஆளுக்கு அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று பிடுங்கினால், மோட்டாருக்குக் கரன்ட்டைத் திறந்து மூடும் சோலனாய்டு பெட்டிக்குள் இருக்கும் காயில் தன் பிடியை விடும், மறுபடி பிடிக்கும், விடும். டக் டக் டக் என்ற அந்தச் சத்தத்துக்கு நடுவே உள்ளே பொறி பறந்து கான்டாக்ட் இரண்டும் ஒட்டிக்கொள்ளலாம். ஒட்டிவிட்டால் ரிமோட்டிலிருந்து விரலை எடுத்தாலும் டிரம் நிற்காது. முறுக்கேறிய ரோப்பின் அருகே ஆள் நிற்கும் நேரம் அது.

ஃப்யூஸைப் பற்றிய சண்டையும் இங்கே வந்து சேர்கிறது. வின்ச்சோடு வரும் கிட்டில் பெரும்பாலும் ஃப்யூஸ் இருப்பதில்லை. நடு இழுவையில், சரிவில் தொங்கும்போது ஃப்யூஸ் போனால் என்ன செய்வது என்பது பட்டறைத் தரப்பு. லேசான வாதம் இல்லை இது. ஆனாலும், பேட்டரியிலிருந்து முன் பம்பர்வரை சதா உயிரோடு கிடக்கும் ஒரு கனத்த பாசிட்டிவ் கேபிள், வண்டி எதிலாவது மோதினால் முதலில் நசுங்கும் இடத்தில்தான் இருக்கிறது. தகரத்தில் அது வெட்டுப்பட்டால் பேட்டரி ஆயிரம் ஆம்பியருக்கு மேலும் கொட்டும். அந்த வேகத்தில் தீப்பிடிக்க நொடிகள் போதும். இந்த வகைப் பெரிய ஃப்யூஸ்கள் தம் அளவைக் கொஞ்சம் தாண்டியதுமே உருகிவிடுபவை அல்ல என்பதால், மோட்டாரின் உச்ச ஆம்பியர் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் இழுவைக்கும் இடைஞ்சல் வராது. அதுவும் வேண்டாம் என்பவர் கட்-ஆஃப் சுவிட்சாவது வைத்தே ஆக வேண்டும். அதைப் பேட்டரிக்குப் பக்கத்தில், கை எட்டும்படி வைக்க வேண்டும். பார்க்க லட்சணமாக இருக்கிறதென்று பம்பரில் வைத்தால், ஆபத்தான அந்த நீளமெல்லாம் சுவிட்சுக்கு முன்னாலேயே உயிரோடு கிடக்கும். கிட்டில் வந்ததை அப்படியே போல்ட் போட்டால் போதும் என்பவர்களுக்கும் இதுதான் பதில். கிட் தயாரித்தவருக்கு உங்கள் வண்டியின் பேட்டரி எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரியாது. லேண்ட் ரோவர் டிஃபெண்டரில் அது இருக்கைக்கு அடியில் இருக்கிறது. கேபிளின் நீளம், கனம், அது தகரத்தைத் துளைத்துப் போகும் இடத்தில் ரப்பர் கிராமெட், சைலன்ஸர் பக்கம் போகாத பாதை எல்லாம் மாறும். அதைத் தீர்மானிப்பது தொழிலாளியின் தலை.

அந்தத் தலை எப்படி வேலை செய்கிறது என்பதற்குச் சின்ன அடையாளங்கள் போதும். பேட்டரியில் கை வைக்கும் முன் விரல் மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் கழற்றிச் சட்டைப் பைக்குள் போடுகிறார்கள். ஸ்பேனரின் பிடியில் இன்சுலேஷன் டேப் சுற்றியிருக்கிறது. கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில்; இந்த வரிசையில் போனால் ஸ்பேனர் தவறி பாடியில் இடித்தாலும் பொறி பறக்காது. உதவிக்கு நிற்கும் பையனுக்கு இதை யாரும் பாடமாக நடத்துவதில்லை; வரிசை மாறினால் ஒரு முறைப்பு, அவ்வளவுதான். இத்தனை கவனத்தோடு செய்த வேலையைக் கடைசியில் ரோப்பைச் சும்மா சுற்றிக் காட்டி ஒப்படைக்கிறார்களே என்பதுதான் என் ஆதங்கம். பம்ப்செட்டுக்குப் பேர்போன ஊர் இது. தண்ணீர் ஏற்றாமல் மோட்டாரை மட்டும் ஓட்டிக் காட்டி “ஓடுது பாருங்க” என்றால் கோவையில் ஒரு விவசாயி பம்ப் வாங்குவாரா? எத்தனை அடிக்கு எத்தனை லிட்டர் என்று அளந்து சொல்ல சிடார்க் மாதிரியான பரிசோதனைக் கூடமே இங்கே இருக்கிறது. வின்ச்சுக்கு மட்டும் ஏன் இந்தச் சலுகை?

சுமை வைத்துச் சோதிக்க இடமும் நேரமும் எங்கே என்பார்கள். அந்த நேரத்தை எப்படியும் செலவழித்தாக வேண்டும். புது ஸ்டீல் ரோப்பை முதல் தடவை முழுவதும் இழுத்துவிட்டு, சிறு சுமையோடு இறுக்கமாகச் சுற்றச் சொல்லி வின்ச் கையேடுகளில் எழுதியிருக்கிறது. இல்லாவிட்டால் மேல் அடுக்கு கீழ் அடுக்குக்குள் புதைந்துகொள்ளும். வண்டியைக் கொஞ்சம் ஏற்றமான இடத்தில் நிறுத்தி, ரோப்பை வலுவான தூணில் மாட்டி, வண்டி தானே தன்னை இழுத்துக்கொண்டு வரட்டும். அந்தச் சில நொடியில் மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி பாசிட்டிவிலும் மறுமுனையைச் சோலனாய்டு பெட்டியின் பாசிட்டிவ் ஸ்டட்டிலும் வைத்தால் பாசிட்டிவ் பக்க நஷ்டம் எவ்வளவு என்று மீட்டரே சொல்லிவிடும். அடுத்து பேட்டரி நெகட்டிவுக்கும் மோட்டார் எர்த்துக்கும் நடுவே அதேபோல. ஆம்பியர் பார்க்க டி.சி. கிளாம்ப் மீட்டர் வேண்டும். வீட்டு வயரிங்காரர்களிடம் இருப்பது பெரும்பாலும் ஏ.சி. மட்டும் காட்டும் ரகம், இங்கே உதவாது. சுமை சிறியதாக இருந்தாலும் பாதகமில்லை. 150 ஆம்பியரில் 0.15 வோல்ட் என்றால் 400இல் 0.4, தடை மாறாதவரை பெருக்கல் கணக்குதான். பெருக்கிப் பார்த்து ஒரு பக்கம் அரை வோல்ட்டைத் தாண்டினால் கேபிள் மெலிந்திருக்கிறது, இல்லையென்றால் எங்கோ ஒரு லக் அழுகிறது என்று அர்த்தம்.

இதற்கெல்லாம் யார் காசு கொடுப்பார்கள் என்பதுதான் கடைசி ஆட்சேபம், மற்ற எல்லாவற்றையும்விட நியாயமானதும் கூட. வின்ச்சின் விலையைப் பேசாமல் கொடுப்பவர், ஃபிட்டிங் கூலியில் பேரம் பேசுகிறார். பில்லில் “வின்ச் ஃபிட்டிங்” என்று ஒரே வரிதான் இருக்கும். எட்டு லக் முறுக்கிப் பார்த்ததும், ஒன்றை வெட்டிப் போட்டு மறுபடி அழுத்தியதும் அதற்குள் மறைந்துபோகும். கண்ணுக்குத் தெரியாத வேலைக்குக் கூலி கேட்க முடியாது. ஆனால் அளவு தெரியும். பாசிட்டிவ் பக்கம் இத்தனை, எர்த் பக்கம் இத்தனை, எத்தனை ஆம்பியரில், என்ன தேதியில் என்று ஒரு ஸ்டிக்கரில் எழுதிப் பானெட்டுக்கு உள்பக்கம் ஒட்டிவிட்டால், நசுக்கின லக்குக்கும் அழுத்தின லக்குக்கும் உள்ள வித்தியாசம் முதல் தடவையாக வண்டிக்காரர் கண்ணிலும் படும். ஒரு மழைக்காலம் ஓடிய பிறகு அதே ஆம்பியரில் எர்த் பக்கத்து 0.15 என்பது 0.4 ஆகியிருந்தால், எந்தப் பட்டறையில் காட்டினாலும் எர்த் ஸ்டட்டில் பச்சை படிந்திருக்கிறதா என்று முதலில் அங்கேதான் ஸ்பேனரைக் கொண்டுபோவார்கள்.