மிட்டுவுக்கு மாத்தின கூண்டு

எங்க காக்கட்டீல் பறவை மிட்டுவுக்கு வயசாயிடுச்சு.
ஒரு கால் பிடிமானமே இல்ல. ராத்திரி தூக்கத்துல பொத்துனு விழுந்துடுறான்.

இன்னைக்கு கூண்டையே மாத்திட்டேன்.

உயரத்துல இருந்த குச்சியெல்லாம் எடுத்தாச்சு.
தரையிலேர்ந்து ஒரு சாண் உயரத்துல தட்டையா ஒரு பலகை. அதுக்கு ஏற ஒரு சாய்வு.
வழுக்காம இருக்க பருத்தித் துணி இறுக்கிச் சுத்தியிருக்கேன். நூல் பிரிஞ்ச துணி கூடவே கூடாது, நகம் மாட்டிக்கும்.
அடியில மடிச்ச துண்டு. விழுந்தாலும் அடிபடாது.
தண்ணியும் தினையும் பலகை பக்கத்துலயே, ஆழமில்லாத கிண்ணத்துல.

கூண்டோட வர்ற வழவழப்பான, ஒரே தடிமன் குச்சி நல்லா இருக்கிற பறவைக்கே உள்ளங்காலைப் புண்ணாக்கிடும். அதுக்குப் பதிலா தாழ்வா ஒரு கொய்யாக் கிளை வெச்சேன். ஒரு இடம் தடி, ஒரு இடம் மெலிசு. பாதத்துல ஒரே இடத்துல அழுத்தம் விழாது. விக்கிறவங்க இதை ஏன் சொல்றதே இல்ல?

சரியா நகர முடியாத பறவை வெயில்லேர்ந்து சட்டுனு ஒதுங்காது. பாதிக் கூண்டுக்கு எப்பவும் நிழல் வேணும்.

'பறக்காத பறவையை எதுக்கு வெச்சிருக்கே'ன்னு கேக்குறாங்க.
கூப்பிட்டா கொண்டையைத் தூக்கி விசில் அடிக்கிறான். வாழ ஆசை இருக்கு அவனுக்கு.

திடீர்னு கால் தளர்ந்தா, வயசுன்னு விட்டுடாதீங்க. டாக்டர்கிட்ட காட்டுங்க.
உங்க ஊர்ல பறவை பாக்குற கால்நடை மருத்துவர் இருக்காங்களா?