வெள்ளிமலைப் பனியும் விமானச் சிறகும்

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகச் செல்லும் சாலை, கோமுகி அணையைக் கடந்ததும் வளைந்து வளைந்து ஏறத் தொடங்குகிறது. மேலே, கல்வராயன் மலைக்கு நடுவே வெள்ளிமலை. மலையாளிகள் எனப்படும் பழங்குடி மக்கள் வாழும் பகுதி. பெயரைக் கேட்டுக் கேரளத்தவர் என்று எண்ணிவிட வேண்டாம். பேசுவது தமிழ், பயிரிடுவது சாமை, தினை, மரவள்ளி.

மார்கழி, தை மாதங்களில் சுபுஹு தொழுதுவிட்டு இங்கே வெளியே வந்தால், இரவு தங்கிய பேருந்தின் கூரையிலிருந்து மழை பெய்தாற்போல் நீர் சொட்டும். காற்றில் அத்தனை குளிர் இருக்காது; தகரத்தைத் தொட்டால் விரல் சில்லிடும். தெளிந்த வானத்தின் கீழ் இரவெல்லாம் கிடக்கும் உலோகம், தன் வெப்பத்தை இழந்து சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடுகிறது. காற்றின் ஈரம் அதன்மேல் துளியாகிறது.

பழந்துணியால் முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த ஓட்டுநரிடம் கூரையைக் காட்டினேன். "அதை யாரு தொடைப்பா ஹஜ்ரத்? வண்டி கெளம்பினா தானா போயிடும்" என்றார்.

பேருந்துக்கு அது சரி. விமானத்துக்குச் சரியன்று.

தமிழில் பனி என்ற ஒரே சொல் துளிக்கும் மூட்டத்துக்கும் உறைந்ததற்கும் பொதுவாக நிற்கிறது. கல்வராயனில் விழுவது துளி. உதகையின் புல்வெளிகளில் உப்புத் தூவினாற்போல் வெளுத்துக் கிடப்பது உறைபனி. குளிர்நாட்டு விமான நிலையங்களில் இரவு நிற்கும் விமானத்தின் சிறகிலும் அதுவே படிகிறது. நம் மாவட்டத்தில் உளுந்தூர்பேட்டைக்கு அருகே இரண்டாம் உலகப்போர்க் கால ஓடுதளம் ஒன்று உண்டு. அந்த வெயிற்காட்டில் எவருக்கும் இக்கவலை வந்திராது!

உறைபனியின் எடையன்று ஆபத்து; அதன் சொரசொரப்பே ஆபத்து. சிறகின் மேல் காற்று வழுக்கிச் செல்ல வேண்டும். உப்புத்தாள் அளவுக்குச் சொரசொரப்பு இருந்தால், விமானத்தைத் தூக்கும் விசை 30 விழுக்காடு வரை குறையவும், பின்னிழுக்கும் விசை 40 விழுக்காடு வரை கூடவும் கூடும். 1982 ஜனவரி 13 அன்று வாஷிங்டனில் பனியோடு புறப்பட்ட போயிங் 737 ஒன்று, பாலத்தில் மோதி பொட்டோமாக் ஆற்றில் விழுந்தது. பாலத்தில் சென்றவர்களையும் சேர்த்து 78 பேர் மாண்டனர்.

என்னை அதிகம் கலங்கவைப்பது கனடாவின் டிரைடன் நகரில் 1989 மார்ச் 10 அன்று நடந்தது. பனி பெய்துகொண்டிருந்தது. சிறகு வெளுத்திருந்ததை விமானப் பணிப்பெண் பார்த்தார். பயணிகளாக அமர்ந்திருந்த வேற்று விமானிகள் இருவரும் பார்த்தனர். எவரும் விமானியறைக்குச் சொல்லவில்லை. அவர்களுக்குத் தெரியாததா என்ற எண்ணம். பிறர் தொழிலில் தலையிடுவதா என்ற தயக்கம். விமானம் எழும்ப முடியாமல் காட்டுக்குள் விழுந்தது. 69 பேரில் 24 பேர் இறந்தனர். விசாரித்த நீதிபதி மொஷான்ஸ்கி, விமானியை மட்டும் குற்றஞ்சாட்டி முடித்துவிடவில்லை. அந்த நிறுவனத்தையும் அரசின் கண்காணிப்பையும் சேர்த்தே சுட்டினார். சிறகில் பனியைக் கண்ட பணியாளர் உடனே தலைமை விமானியிடம் தெரிவித்தாக வேண்டும் என்பது இன்று அந்நாட்டின் சட்டவிதி.

கண்ணுக்குத் தெரியாத பனியும் உண்டு. உயரப் பறந்து வந்த விமானத்தின் சிறகுக்குள் இருக்கும் எரிபொருள் கடுங்குளிராய் இருக்கும். அதன்மேல் ஈரம் பட்டால் கண்ணாடி போன்ற பனிக்கட்டி ஒட்டிக்கொள்ளும். 1991 டிசம்பர் 27 அன்று சுவீடனில், பனி நீக்கும் மருந்து அடித்த பிறகும் அப்படியொரு கட்டி தங்கிவிட்டது. மேலெழும்போது அது பெயர்ந்து எஞ்சின்களுக்குள் புகுந்து இரண்டையும் நிறுத்தியது. வயலில் இறங்கிய அந்த விமானத்தில் இருந்த 129 பேரும் உயிர் பிழைத்தனர். இவ்வகைப் பனியை விளக்கொளியில் பார்த்தால் போதாது. கையால் தடவியே அறிய வேண்டும்.

டொரண்டோவுக்கோ இலண்டனுக்கோ பிள்ளைகளைப் பார்க்கச் செல்லும் நம் பெரியவர்கள், குளிர்காலத்தில் ஒன்றைக் காண்பார்கள். புறப்படும் நேரத்தில் விமானத்தை நிறுத்தி, சிறகின்மேல் ஆரஞ்சு நிறச் சுடுநீர் போன்ற ஒன்றைப் பீய்ச்சுவார்கள். அது கிளைக்கால் கலந்த நீர். அதன் காவலுக்குக் கால அளவு உண்டு. வரிசையில் நின்று அந்நேரம் கடந்துவிட்டால், திரும்பி வந்து மீண்டும் பீய்ச்சுவார்கள்.