அனாமத்துக் கணக்கில் மரணங்கள்

சமீப வருஷங்களில் அமெரிக்க சூப்பர்ஹீரோ காமிக்ஸில் கவனிக்கத்தக்க சில காரியங்கள் நடந்திருக்கின்றன. 2024 ஜனவரியில் மார்வெல் நிறுவனம் 'அல்டிமேட் ஸ்பைடர்மேன்' இதழைப் புதிதாகத் தொடங்கியது. அதே வருஷம் அக்டோபரில் டி.சி. நிறுவனம் 'அப்ஸல்யூட்' என்ற வரிசையில் பேட்மேனையும் ஒண்டர் உமனையும், நவம்பரில் சூப்பர்மேனையும் வேறு பிறப்பில் கொண்டுவந்தது. 2025 மார்ச்சில் மார்ஷியன் மேன்ஹன்டர் அதில் சேர்ந்தது. இவற்றை மாதாமாதம் படித்து வந்திருக்கிறேன். இலக்கிய நண்பர்கள் சிலருக்கு இது என் பலவீனமாகத் தெரிகிறது. 'சின்னப் பையன்கள் சமாசாரம்' என்றார் ஒருவர். அந்த அபிப்பிராயத்தை மாற்றுவது இங்கு என் நோக்கமில்லை. இந்த உருவத்துக்குள் ஒரு பிரச்னை ஆரம்பத்திலிருந்தே இருக்கிறது. சமீபத்திய இதழ்களில் சில அதை நேராகச் சந்திக்கின்றன. சில சந்திப்பதாகப் பாவனை செய்கின்றன. எது எது என்று பிரித்துப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது.

பிரச்னை, காலம்.

உம்பர்ட்டோ எக்கோ 1962இல் சூப்பர்மேனைப் பற்றி எழுதிய கட்டுரையில் இதைச் சரியாகப் பிடித்தார். நாவலில் ஒரு பாத்திரம் ஏதாவது ஒரு காரியம் செய்தால் அந்த அளவுக்குத் தன்னைச் செலவழித்துக்கொள்கிறது. சாவை நோக்கி ஓர் அடி வைக்கிறது. சூப்பர்மேன் செலவழியக் கூடாது. செலவழிந்தால் அடுத்த மாத இதழ் இல்லை. அவன் புராண நாயகனைப் போல மாறாதவனாக இருக்க வேண்டும். அதே சமயம் நாவல் நாயகனைப் போல, அடுத்தது என்ன என்ற எதிர்பார்ப்பையும் தர வேண்டும். இந்த இரண்டு நிர்ப்பந்தங்களுக்கும் இடையில், ஒவ்வொரு கதையும் முந்தின கதையை மறந்துவிட்டு ஒருவிதக் கனவுக் காலத்தில் மறுபடி தொடங்குகிறது. எக்கோவின் வாதத்தின் சாரம் இது.

அவர் எழுதிய பிறகு இந்தக் காமிக்ஸ் மறதியை விட்டுவிட்டு நினைவை வளர்த்துக்கொண்டது. முந்தின மாதம் நடந்தது இந்த மாதம் ஞாபகம் இருக்கும். காதலிகள் இறந்தார்கள், கல்யாணங்கள் நடந்தன. ஆனால் எதுவும் நிலைக்கவில்லை. 1992 நவம்பரில் வந்த 75ஆவது இதழில் சூப்பர்மேன் செத்தான். கறுப்பு உறையில் போட்டு, உள்ளே கையில் கட்டிக்கொள்ள ஒரு கறுப்புத் துணியும் வைத்து விற்றார்கள். அடுத்த வருஷமே அவன் திரும்பி வந்துவிட்டான். 1987இல் கல்யாணம் செய்துகொண்ட ஸ்பைடர்மேனின் தாம்பத்தியம் இருபது வருஷம் ஓடியது. 2007இல், சாகக் கிடந்த பெரியம்மாவைக் காப்பாற்ற ஒரு சைத்தானோடு செய்த ஒப்பந்தத்தில் அந்தக் கல்யாணம் நடக்கவே இல்லை என்று ஆக்கப்பட்டது. விவாகரத்து கூட இல்லை. விவாகரத்து என்றால் நாயகனுக்கு வயதாகிவிட்டது என்று அர்த்தமாகிவிடும்.

நான் வேலை பார்க்கும் வங்கியில் அனாமத்துக் கணக்கு என்று ஒன்று உண்டு. எந்தத் தலைப்பில் சேர்ப்பது என்று தெரியாத தொகையைத் தற்காலிகமாக அதில் போட்டு வைப்போம். விவரம் தெரிந்ததும் எதிர்ப்பதிவு போட்டு எடுத்துவிடுவோம். சூப்பர்ஹீரோ காமிக்ஸில் மரணம் என்பது இந்த அனாமத்துக் கணக்கில் வைத்த தொகை. வைக்கும்போதே எடுக்கப் போகிறோம் என்பது எல்லோருக்கும் தெரியும். படிப்பவனுக்கும் தெரியும். அதனால் துக்கம் என்பது அங்கே ஒரு மரியாதைக்காக அனுஷ்டிக்கப்படுகிற சடங்காகிவிட்டது.

இது எனக்கு வெறும் விமர்சன சமாசாரமாக இருந்த காலம் உண்டு. மூன்று வருஷமாக அப்படி இல்லை. இறந்தவர்களின் கணக்கைத் தீர்க்கும் மேஜை இப்போது என்னுடையது. இறப்புச் சான்றிதழும் பாஸ்புக்கும் எடுத்துக்கொண்டு மனைவி வருவார், அல்லது மகன் வருவான். கையெழுத்து எங்கே என்று காட்ட வேண்டும். பாதிப் பேர், 'போன மாசம் அவங்களேதான் வந்து என்ட்ரி போட்டுட்டுப் போனாங்க' என்று சொல்வார்கள். புகாராக இல்லை, வேறு என்ன சொல்வது என்று தெரியாமல். நான் கம்ப்யூட்டரில் ஒரு குறி போட்டதும் அந்தக் கணக்கு இயங்காது. அதற்கு எதிர்ப்பதிவு கிடையாது. நான் அந்த மேஜைக்கு வந்த வருஷம்தான் அப்பாவும் போனார். அதன்பின் செத்தவர்கள் திரும்பி வரும் இதழ்களைப் படிக்க முடியாமல் போயிற்று. அருவருப்பு என்றே சொல்ல வேண்டும். துக்கத்தைக் கேலி செய்வதைவிட, துக்கம் மாதிரி ஒன்றைச் செய்து விற்பது மோசமாகப்பட்டது.

மறுபடி மறுபடி சொல்லப்படும் கதைகளில் இது தவிர்க்க முடியாதது என்று வாதிக்கலாம். எனக்கு அதில் சம்மதமில்லை. நம் வடமாவட்டங்களில் திரௌபதியம்மன் கோயில் திருவிழாவில் வருஷா வருஷம் அபிமன்யு சாகிறான். அடுத்த வருஷம் மறுபடி வருவான் என்பது கூத்துப் பார்க்க உட்கார்ந்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் அந்த ராத்திரிக்குள் அவன் சாவு முழுமையானது. விடிவதற்குள் அவனை யாரும் எழுப்பிக் கொண்டுவருவதில்லை. கர்ண மோட்சத்தைச் சாவு வீடுகளின் காரியங்களில் ஆட முடிவது இதனால்தான். ஆகவே திரும்பச் சொல்வது குற்றமில்லை. ஒவ்வொரு முறையும் முடிவு வரை சொல்லாமல் நிறுத்திக்கொள்வதுதான் குற்றம்.

இந்தப் பின்னணியில்தான் ஜானதன் ஹிக்மன் எழுதி மார்கோ செக்கெட்டோ வரைந்த 'அல்டிமேட் ஸ்பைடர்மேன்' எனக்கு முக்கியமாகிறது. இதில் பீட்டர் பார்க்கருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். மனைவி, இரண்டு குழந்தைகள், பத்திரிகை ஆபீஸில் வேலை. இளமையில் அவனைக் கடித்திருக்க வேண்டிய சிலந்தியை ஒருவன் குறுக்கிட்டுத் தடுத்துவிட்டிருக்கிறான். ஏதோ ஒன்று தனக்கு நடக்காமல் போய்விட்டது என்ற உணர்வோடு பதினைந்து இருபது வருஷம் வாழ்ந்திருக்கிறான். இப்போது அந்தச் சிலந்தி அவன் கைக்கு வருகிறது. வேண்டுமா, வேண்டாமா?

மூலக் கதையில் சக்தி ஒரு விபத்து. பையனுக்கு அது நேர்ந்துவிடுகிறது. இங்கே அது, இழப்பதற்கு நிறைய உள்ள ஒரு மனிதன் தெரிந்தே செய்கிற தேர்வு. மூலத்தில் செத்துப்போகும் பென் பெரியப்பா இதில் உயிரோடிருக்கிறார். மே பெரியம்மாதான் இல்லை. மனைவியை இழந்த அந்த முதியவரின் மௌனத்துக்கு இதழ்கள் இடம் கொடுக்கின்றன. இன்னொன்று: ஓர் இதழுக்கும் அடுத்த இதழுக்கும் இடையில் கதைக்குள்ளும் ஒரு மாதம் கழிந்துவிடுகிறது. மாதக் கடைசி என்றால் என்ன என்று தெரிந்த ஒரு சூப்பர்ஹீரோ இதற்கு முன் எனக்குத் தட்டுப்பட்டதில்லை. நாலாவது இதழில் நான்கு பேர் உணவு விடுதியில் உட்கார்ந்து சாப்பிட்டுப் பேசுகிறார்கள். ஏறக்குறைய இதழே அவ்வளவுதான். சண்டையை எதிர்பார்த்தவர்களுக்கு ஏமாற்றமாக இருந்திருக்கும். எனக்கு அது தொடரின் சிகரம். முதலாளியாக இருக்கும் ஃபிஸ்கின் பத்திரிகையிலிருந்து விலகி, பென்னும் ஜேம்ஸனும் தாங்களே சின்னதாக ஒரு பத்திரிகை தொடங்கும் பகுதியை, இதைப் படிக்கிறவர்கள் தனி அக்கறையோடு பார்ப்பார்கள். இரண்டாவது வருஷத்தில் ஃபிஸ்கின் ஆட்களோடு நடக்கும் மோதல்கள் இடத்தைப் பிடித்துக்கொண்டன. வீடு பின்னால் போய்விட்டது. அந்த அளவுக்குத் தொடர் நஷ்டப்பட்டது.

'அப்ஸல்யூட்' வரிசையின் உத்தி கழித்தல். ஸ்காட் ஸ்னைடர் எழுதி நிக் டிராகோட்டா வரைந்த பேட்மேனில் பணம் கழிக்கப்பட்டிருக்கிறது. புரூஸ் வெய்ன் ஒரு பள்ளி ஆசிரியரின் மகன், தொழில் பொறியாளர். அப்பாவை மட்டும் இழக்கிறான், அம்மா இருக்கிறார். கோடீஸ்வரன் இரவில் ஏழைத் திருடர்களை அடிக்கிறான் என்ற பழைய சங்கடம் இதனால் தீர்ந்துவிட்டதாகப் பாராட்டினார்கள். நான் அவ்வளவு நிச்சயமாகச் சொல்ல மாட்டேன். டிராகோட்டாவின் கோடுகளில் அசாத்திய வேகம் இருக்கிறது. மார்பில் உள்ள சின்னமே கழற்றியெடுத்தால் கோடாலி. ஆனால் இந்தப் பேட்மேன் கதவு கொள்ளாத ராட்சதன். போன பணம் தசையாகத் திரும்பி வந்துவிட்டது. பணத்தால் செய்துகொண்டிருந்ததை இப்போது உடம்பால் செய்கிறான். அதிகாரம் இடம் மாறியிருக்கிறதே தவிர, குறையவில்லை. இந்தத் தொடரில் என்னைத் தொட்டது அவனுடைய பால்ய நண்பர்கள்தான். மூலத்தில் வில்லன்களாக வருகிறவர்கள் இங்கே ஒரே தெருவில் சேர்ந்து வளர்ந்தவர்கள். அவர்கள் எங்கே போய் முடிவார்கள் என்று நமக்கு முன்கூட்டியே தெரியும். கூத்தின் துயரம் இதுதான்.

ஜேஸன் ஆரன் எழுதி ரஃபா சாண்டோவல் வரைந்த சூப்பர்மேனில் கழிக்கப்பட்டது குழந்தைப் பருவத்தின் அடைக்கலம். கிரிப்டான் கிரகத்தில் வர்க்கங்கள் இருக்கின்றன. அவன் பெற்றோர் உழைக்கும் வர்க்கம். பூமியில் அவன் ஒரு பெரிய கம்பெனியின் சுரங்கத்தில் கூலிகளோடு நிற்கிறான். நோக்கம் நல்லது. ஆனால் நோக்கம் கதைக்கு முன்னால் ஓடுகிறது. கம்பெனி கெட்டது என்பதை முதல் இதழிலேயே சொல்லியாகிவிட்டது, பிறகும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

கெல்லி தாம்ஸன் எழுதி ஹேடன் ஷெர்மன் வரைந்த ஒண்டர் உமன் இன்னும் ஆழமானது. டயானாவிடமிருந்து அவள் தீவையும் தாய்மாரையும், அவள் இனத்தின் பெயரையும்கூட எடுத்துவிட்டார்கள். நரகத்தில் சூனியக்காரி சர்ஸி அவளை வளர்க்கிறாள். அங்கே வந்து சேர்ந்த ஒருவனை வெளியே அனுப்ப அவள் தன் கை ஒன்றைக் கொடுத்துவிடுகிறாள். கொடுத்தது கொடுத்ததுதான். அந்த இடத்தில் வேறு கை பொருத்தப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு இதழிலும் அது கண்ணில் படுகிறது. சிவகாசியிலிருந்து 1972இல் முத்து காமிக்ஸ் கொண்டுவந்த இரும்புக்கை மாயாவியை அறிந்தவர்களுக்கு இது புரியும். அந்தப் பிரிட்டிஷ் கதாநாயகன் மின்சாரம் பாய்ந்ததும் மறைந்துபோவான். இரும்புக் கை மட்டும் தெரியும். இழப்பு மட்டும் மறையாது.

இவை எல்லாவற்றிலும் மேலாக நான் வைப்பது, டெனிஸ் கேம்ப் எழுதி ஹாவியர் ரோட்ரிகெஸ் வரைந்து வர்ணமும் தீட்டிய 'அப்ஸல்யூட் மார்ஷியன் மேன்ஹன்டர்'. எஃப்.பி.ஐ. அதிகாரி ஒருவன் காபிக் கடையில் தற்கொலைக் குண்டுவெடிப்பிலிருந்து தப்புகிறான். அதற்குப் பிறகு மனிதர்களின் எண்ணங்கள் வர்ணப் புகையாக அவன் கண்ணுக்குத் தெரிகின்றன. யாரையும் தூக்கி எறிகிற பலமல்ல இது. பிறர் மனது தெரிந்துவிடுகிற துன்பம். தெருவெல்லாம் அவனுக்குத் தெரிகிறது. வீட்டில் மனைவியும் மகனும் அவனிடமிருந்து எட்டிப் போய்க்கொண்டிருக்கிறார்கள். இந்த உருவத்தில் வர்ணம் பெரும்பாலும் அலங்காரமாகவே இருந்திருக்கிறது. ரோட்ரிகெஸிடம் அதுவே மொழி. வார்த்தையில் எழுதினால் மலிவாகிவிடக்கூடிய ஒன்றை அவர் ஒரு மஞ்சளை வைத்து, பக்கத்தில் ஒரு ஊதாவை வைத்துச் சொல்லிவிடுகிறார். மறுகணக்குப் போடத் தேவையில்லாத கதை இது. அவன் ஒருமுறை பார்த்துவிட்டதைப் பார்க்காததாக யாராலும் ஆக்க முடியாது.

கடைசியாக, சொத்து. 1938இல் ஸீகலும் ஷூஸ்டரும் சூப்பர்மேனின் உரிமையை 130 டாலருக்கு எழுதிக் கொடுத்தார்கள். அன்றிலிருந்து அவன் ஒரு கம்பெனியின் சொத்து. அவன் சாகாமலிருப்பதற்குக் காரணம் புராணத்தன்மை என்று எக்கோவைப் பின்பற்றிச் சொல்லலாம். எளிமையாகச் சொன்னால், சொத்து சாவதில்லை. நான் பாராட்டிய இதழ்கள் எல்லாமே கிளைக் கதைகள் என்பதைக் கவனிக்க வேண்டும். அசல் நாயகர்களை லாக்கரில் பத்திரமாக வைத்துவிட்டுத்தான் இரண்டு நிறுவனங்களும் இந்த நகல்களுக்கு வயதாக அனுமதித்திருக்கின்றன. காலம் ஓரத்தில்தான் ஓட முடிகிறது. இதை ஒரு சலுகை என்று ஏளனம் செய்யலாம். ஓரத்தில் எழுதிக்கொண்டிருக்கும் நாம் அப்படிச் செய்வது பொருத்தமாக இராது.

2025இலேயே மார்வெல் தன் அல்டிமேட் உலகத்தை முடித்துவிடப் போவதாக அறிவித்தது. வாசகர்கள் பலர் வருத்தப்பட்டார்கள். எனக்கு அது நிம்மதியாக இருந்தது. காரணம் எதுவானாலும், மனைவியும் இரண்டு குழந்தைகளும் உள்ள, தாடியில் நரை தெரிகிற அந்தப் பீட்டர் பார்க்கருக்கு ஒரு கடைசி இதழ் கிடைக்கிறது. 1962இல் பிறந்த அசல் ஸ்பைடர்மேனுக்கு அது கிடைக்கவில்லை. கொஞ்ச காலம் கழித்து, விற்பனைக்குத் தேவைப்பட்டால், அவனை வேறு ஏதாவது ஒரு தொடரில் எழுப்பிக் கொண்டுவரக்கூடும். கொண்டுவரட்டும். அதை நான் படிக்கப் போவதில்லை.