கடற்கரைச் சாலையின் புது வண்டி: பழக்குதலும் பட்டறை வேலையும்

வடசென்னையின் இராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரை செல்லும் கடலோரப் பகுதி தமிழ்நாட்டு மோட்டார் தொழிலின் பிறந்தகங்களுள் ஒன்றாகும். எம்.ஆர்.எஃப். நிறுவனம் 1946-இல் பலூன் செய்யும் சிறு கொட்டகையாகத் திருவொற்றியூரில் தொடங்கிப் பின்னர் டயர் ஆலையாக வளர்ந்தது. என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் ஆலையும் அதே ஊரில் அமைந்தது. 1948-இல் அசோக் மோட்டார்ஸ் என்ற பெயரில் நிறுவப்பட்டு எண்ணூரில் ஆஸ்டின் கார்களைப் பூட்டிவந்த நிறுவனம் 1955-இல் அசோக் லேலண்டு என்ற பெயரைப் பெற்றது. இவ்வாலையிலிருந்து லாரிகள் பெரும்பாலும் ‘சேஸ்’ நிலையிலேயே, அதாவது சட்டகம், என்ஜின், சக்கரம், ஸ்டீயரிங் ஆகியவை மட்டும் கொண்டு, கூண்டும் பாடியும் இல்லாமலே வெளிவந்தன. வெயிலையும் தூசியையும் நேராக முகத்தில் வாங்கிக்கொண்டு ஓட்டுநர்கள் அவற்றை நாமக்கல், திருச்செங்கோடு போன்ற பாடி கட்டும் ஊர்களுக்கு ஓட்டிச் சென்றனர். ஆலை வாசலில் வண்டி முடிந்துவிடுவதில்லை, பட்டறையில்தான் அது நிறைவு பெறுகிறது என்ற எண்ணம் இப்பகுதியில் ஆழமாக வேரூன்றியிருப்பதற்கு இந்த வரலாறே அடிப்படை எனலாம்.

2005-இல் வந்த டாடா ஏஸ், மக்கள் வழக்கில் ‘குட்டி யானை’, இந்த முறையை மாற்றியது. 2011-இல் அசோக் லேலண்டு வெளியிட்ட ஒன்றேகால் டன் சுமக்கும் தோஸ்த்தும் அதைப் போன்றதே. இவ்வகைச் சிறு டீசல் வண்டிகள் தளமும் பக்கத் தட்டிகளும் பொருத்தப்பட்டு முழுமையாகவே விற்பனைக்கு வருகின்றன. ஆயினும் புது வண்டி முதல் லோடு ஏற்றுவதற்கு முன்னர் வெல்டிங், டிங்கரிங், ஸ்பிரிங் பட்டை ஆகிய வேலைகளுக்காகப் பட்டறைக்குச் செல்லும் வழக்கம் நின்றுவிடவில்லை.

இவ்வேலைகளுள் மிக்க அறிவு நிறைந்ததும் மிகக் குறைவாக மதிக்கப்படுவதும் தளவேலையே. காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விடியலுக்கு முன்பே ஏலம் தொடங்கிவிடுவதால், நொறுக்கிய ஐஸுடன் மீன் ஏற்றும் வண்டியின் தளத்தில் உப்பும் இரத்தமும் கலந்த நீர் நாள்தோறும் வழிகிறது. வெளியே கடற்காற்றின் உப்பு சட்டகத்தின்மேல் ஓயாமல் படிகிறது. ஆலை தரும் தளத்தின்மேல் ‘செக்கர் ஷீட்’ எனப்படும் புடைப்புக் கோடிட்ட தகட்டை விரித்து வெல்டிங் செய்துவிடுவது எளிது. ஆனால் இரண்டு தகடுகளுக்கும் இடையே புகும் உப்புநீர் உலர வழியின்றித் தங்கி, மேல்தகடு பளபளப்பாக இருக்கும்போதே அடித்தளத்தை அரித்துவிடும். அலுமினியத் தகட்டை இரும்பின்மேல் நேராகப் பதித்தால் கேடு வேறு வகையானது: உப்புநீர் இடையில் இருக்க, இரு உலோகங்களும் மின்கலம்போல் செயற்பட்டு அலுமினியம் வேகமாக அரிக்கப்படும். ஆகவே தேர்ந்த தொழிலாளர் இணைப்பு விளிம்புகளை இடைவெளியின்றி அடைத்து, உலோகங்களுக்கிடையே ரப்பர் விரிப்பிட்டு, நீர் ஒரு மூலைக்கு ஓடும்படி சிறு சரிவு தந்து, வடிகுழாயைச் சட்டகத்தின்மீதோ பிரேக் குழாய்மீதோ சொட்டாத இடத்தில் வைக்கின்றனர். வண்டியின் ஆயுளை உண்மையில் நீட்டிப்பது இந்த வேலைதான். துருவைத் தடுப்பதாகக் கருதிப் பழைய என்ஜின் ஆயிலை அடிப்பகுதியில் தெளிப்பதோ ரப்பர் புஷ்களை ஊறவைத்துக் கெடுப்பதோடு மண்ணையும் நீரையும் மாசுபடுத்துகிறது. எண்ணூர்க் கழிமுகம் ஏற்கெனவே சுமக்கும் கழிவு போதும்.

ஸ்பிரிங் பட்டை வேலையைப் பற்றி இதே பாராட்டைச் சொல்ல இயலாது. பின் அச்சைத் தாங்கும் வில் போன்ற எஃகுப் பட்டைகளின் அடுக்கில் ஒன்றிரண்டைக் கூட்டினால், கூடுதல் லோடிலும் வண்டி தாழாமல் நிற்கிறது என்பது உண்மை. ஆனால் அச்சு, சக்கரப் பேரிங், டயர், பிரேக் ஆகிய எவையும் அதனால் வலுப்பெறுவதில்லை. இதிலும் கண்ணுக்குப் புலப்படாத ஓர் ஆபத்து உண்டு. பல சிறு வண்டிகளில், சட்டகத்துக்கும் பின் அச்சுக்கும் இடையிலுள்ள உயரத்தைக் கொண்டு லோடை அறிந்து, பின் பிரேக்குக்குச் செல்லும் அழுத்தத்தை அளவிடும் வால்வு ஒன்று பொருத்தப்பட்டுள்ளது. பட்டை கூடி வண்டி உயர்ந்துவிட்டால், முழு லோடு இருக்கும்போதும் வண்டி காலியாக இருப்பதாக அந்த வால்வு கணித்து, பின் பிரேக்கைத் தளர்த்திவிடுகிறது. பதிவுச் சான்றிலுள்ள விவரங்களிலிருந்து வண்டியின் கட்டமைப்பை மாற்றுவதை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. தயாரிப்பாளரின் வரையறைக்கு மாறான மாற்றம் கூடாது என 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் தெளிவுபடுத்தியது. அதே ஆண்டின் சட்டத் திருத்தம் அதிக லோடுக்கான அபராதத்தை 20,000 ரூபாயாகவும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாயாகவும் உயர்த்தியது. ஒரு நடையை மிச்சப்படுத்தும் கணக்கில் இழப்பது ஓட்டுநரின் பாதுகாப்பு என்பதால், இதில் பட்டறையைவிட வாடகையைக் குறைத்துப் பேசும் சரக்கு உரிமையாளருக்கே பொறுப்பு மிகுதி.

வண்டியைப் பழக்குதல் என்பது முதல் ஆயிரம், இரண்டாயிரம் கிலோமீட்டர் ஓட்டத்தில், உராயும் உறுப்புகள் ஒன்றோடொன்று பொருந்திவரச் செய்யும் முறையாகும். சிலிண்டரின் உட்சுவரில் ஆயில் தங்குவதற்காகக் குறுக்கும் மறுக்குமாக மெல்லிய கீறல்கள் இடப்பட்டிருக்கும். எரிப்பில் எழும் வாயுவின் அழுத்தம் பிஸ்டன் ரிங்கை அச்சுவரோடு அணைத்துத் தள்ளும்போதுதான் ரிங் சரியாகப் படிகிறது. ஆகையால் புது வண்டியை மிக மெதுவாக உருட்டுவதே நல்லது என்ற பரவலான நம்பிக்கை பாதியளவே சரியானது. துறைமுகத்துக்குச் செல்லும் கண்டெய்னர் லாரிகளின் வரிசையில் சிக்கி, என்ஜினை அணைக்காமல் மணிக்கணக்கில் நிற்கும் வண்டியில் அந்த அழுத்தம் எழுவதில்லை. சுவரில் ஆயில் படலம் கண்ணாடிபோல் இறுகி, பின்னாளில் ஆயில் குடிக்கும் என்ஜினாக அது மாறக்கூடும். மிதமான லோடும், ஒரே வேகத்தில் நில்லாத ஓட்டமும், உரிய நேரத்தில் முதல் ஆயில் மாற்றமுமே தேவை.

2020 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த பி.எஸ். 6 புகைமாசு விதி, வண்டியை நிற்கவிடாமல் ஓட்டுவதற்கு மற்றொரு காரணத்தைச் சேர்த்துள்ளது. அவ்விதிக்காக டீசல் வண்டிகளில் வைக்கப்படும், புகைக்கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி, ஏறத்தாழ 600 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் அதை எரித்துத் தன்னைச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும். நின்று நின்று செல்லும் குறுந்தூர ஓட்டத்தில் அந்த வெப்பம் எட்டாததால், கரி அடைத்து எச்சரிக்கை விளக்கு எரிகிறது. காசிமேட்டிலிருந்து விடியற்காலையில் வானகரம் மீன் சந்தைக்குத் தடையின்றி ஓடும் வண்டிக்கும், மீஞ்சூரையும் வண்டலூரையும் இணைக்கும் 62 கிலோமீட்டர் வெளிவட்டச் சாலையில் நடை கிடைக்கும் வண்டிக்கும் இத்தொல்லை குறைவு. கிடங்குகளுக்கிடையே மட்டும் சுற்றும் வண்டியே அதிகம் துன்புறுகிறது.

மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி வந்தபின் வெல்டரின் ஒழுங்கும் மாறவேண்டியதாயிற்று. பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, எர்த் கவ்வியை வெல்டிங் நடக்கும் இடத்துக்கு அருகிலேயே பிடித்து, சட்டகத்தின் மேல், கீழ் விளிம்புகளில் துளையோ வெல்டிங்கோ இடாமல், கூடுதல் தட்டிகளை யூ போல்ட்டால் இறுக்குவதே முறை. தயாரிப்பு நிறுவனங்களின் பொருத்தல் கையேடுகளில் உள்ள இவ்விதிகளைப் பட்டறைத் தொழிலாளர் பெரும்பாலும் மூத்தவர் வாய்மொழியாகவே கற்கின்றனர். தமிழில் படங்களோடு அச்சிட்ட கையேடு ஒவ்வொரு பட்டறையின் சுவரிலும் தொங்கவேண்டியது நியாயமான தேவையாகும். புது வண்டிக்கு முதல் ‘எஃப்.சி.’, அதாவது தகுதிச் சான்று, இரண்டாண்டுகளுக்குச் செல்லும். ஆனால் முதல் சில லோடுகளிலேயே ஸ்பிரிங் பட்டைகள் படிந்து அவற்றை அச்சோடு பிணைக்கும் யூ போல்ட்டுகள் தளர்வதால், அவற்றையும் சக்கர நட்டுகளையும் திரும்ப இறுக்குவதற்கு வண்டி அந்தச் சில நாள்களுக்குள்ளாகவே பட்டறைக்கு மீண்டும் வந்தாக வேண்டும்.