கள்ளு திருகுதுன்னாயம்மா!

மாரெட்பள்ளிக்கு நர்ஸாக வந்த புதிது. தாத்தா ஒருவர் "கள்ளு திருகுதுன்னாயம்மா" என்றார். நம்ம காதுக்கு அது கள்தானே! 'குடிபோதை' என்று சீட்டில் எழுதிவிட்டேன். தெலுங்கில் 'கள்ளு' என்றால் கண்கள். கண் சுற்றுகிறது என்றால் நம்மூர் தலைசுற்றல்தான். டாக்டர் பரிசோதித்தால் சர்க்கரை வெறும் 48.

டாக்டர் படிப்பில் 2019 முதலே நோயாளியிடம் பேசுவதற்குத் தனிப் பாடம் உண்டு. நர்ஸுகளுக்கு எங்கள் ஆஸ்பத்திரியில் இப்போதுதான் கணினிப் பயிற்சி, திரையில் பேசும் பொம்மை நோயாளியோடு. வசனம் கேட்டார்கள், தாத்தாவைக் கொடுத்தேன். தப்பாக அழுத்தினால் மயங்கி விழுவார், மறுபடி எழுப்பிக்கொள்ளலாம். நேற்று மதுரையிலிருந்து வந்த பொண்ணு 'போதை'யைத்தான் அழுத்தினாள் :-)

சீட்டைப் படித்துவிட்டு அவர் மகன் என்னைப் பார்த்தாரே, அந்தப் பார்வையையும் வைக்கச் சொன்னேன். பொம்மை முகத்தில் வரவில்லையாம்.