பராத்தாவின் பதம்

சாந்தினி சௌக்கின் பராத்தே வாலி கலிக்குள் முதன்முறை நுழையும் தமிழ் மாணவர் அங்கே ஒரு தோசைக்கல்லை எதிர்பார்ப்பார். கண்ணில் படுவது வாணலி. பூரணம் வைத்துத் தேய்த்த மாவு காய்ந்த நெய்யில் இறங்கிப் பூரியைப் போலப் பொரிந்து வருகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் வழிவழியாக நடந்துவரும் கடைகள் அவை. வெங்காயமும் பூண்டும் அங்கே சேர்வதில்லை. நேரு அங்கு உண்ட புகைப்படம் சுவரில் தொங்குகிறது. தில்லியின் பராத்தா என்று வெளியுலகம் அறிந்திருப்பது இதைத்தான். தில்லியின் வீடுகளில் காலைதோறும் கல்லில் வேகும் பராத்தாவோ இதுவன்று. பெயர் ஒன்றாயினும் செய்முறையின் தருக்கம் வேறு.

பூரணம் அடைத்த எந்த ரொட்டிக்கும் முதற்சிக்கல் ஈரம். வெளிமாவைவிடப் பூரணம் இளகியிருந்தால் தேய்க்கும்போது பிதுங்கும். இறுகியிருந்தால் மாவைக் கிழிக்கும். வாணலியில் இந்தப் பிழை பெரும்பாலும் மறைந்துவிடுகிறது. எல்லாப் பக்கமும் சூழ்ந்த கொதிநெய் சில நொடிகளில் மேற்பரப்பை இறுக்கிவிடும். கல்லில் அந்தச் சலுகை கிடையாது. வெப்பம் அடியிலிருந்து மட்டுமே வருகிறது. ஒருபுறம் வேகும்வரை மறுபுறம் பச்சையாகக் காத்திருக்கிறது. அந்த இடைவெளியில் பூரணத்தின் நீர் மெல்லிய மாவை ஊறவைத்துவிடும். ஆகவே வீட்டுச் சமையலில் எல்லாத் தீர்மானமும் கல்லில் போடுவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

உருளைக்கிழங்கை எடுத்துக்கொள்வோம். தோலுடன் வேகவைப்பது அது நீர் கோக்காமலிருக்க. வெந்தபின் முற்றிலும் ஆறவிடுவது இன்னும் முக்கியம்: சூடாக மசித்து அடைத்தால் அதன் ஆவி உள்ளேயே நீராகி மாவை நசநசப்பாக்கும். ஆறிய கிழங்கில் மாவுச்சத்து இறுகுவதால் பூரணம் ஒட்டாமல் உருளும். முள்ளங்கியோ நேர்மாறான குணமுடையது. துருவி உப்பிட்டுச் சற்று நேரம் வைத்தால் அது தன் நீரைத் தானே விட்டுவிடும். அதைப் பிழிந்த பின்னரே ஓமமும் பச்சைமிளகாயும் சேரும். பிழிந்த நீரைக் கொட்டாமல் அதிலேயே மாவைப் பிசைவது பழகிய கைகளின் சிக்கனம். காலிஃபிளவருக்கு உப்பைக் கடைசி நொடியில்தான் சேர்க்க வேண்டும். முன்கூட்டிச் சேர்த்தால் ஐந்தாவது பராத்தாவுக்குள் பாத்திரத்தின் அடியில் குளம் தேங்கிவிடும்.

மாவுக்கும் தனிக் கணக்கு உண்டு. சக்கியில் அரைத்த கோதுமையில் மாவுச்சத்துத் துகள்கள் மிகுதியாகச் சிதைவதால் அது அதிக நீரை உறிஞ்சும். பிசைந்த மாவை அரைமணி நேரம் மூடிவைப்பது, நீர் சீராக ஊறி மாவிலுள்ள புரத இழைகள் தளர்வதற்காக. தளராத மாவு கட்டையின் கீழ் விரிந்து விரிந்து சுருங்கும். கல்லிலிட்டபின் இருபுறமும் வெளிறிய புள்ளிகள் தோன்றும்வரை நெய்யின்றிச் சுட்டு, அதன்பிறகே நெய்யிடுவது வழக்கம். ஈரம் முதலில் வெளியேறட்டும் என்பதே காரணம்.

தமிழருக்கு இது முற்றிலும் அந்நியமான கலையன்று. போளி இதே சிக்கலுக்கு நாம் கண்ட விடை. அங்கே கடலைப்பருப்பையும் வெல்லத்தையும் கிளறிக் கிளறி ஈரத்தை வற்றவைக்கிறோம். மைதாவை மிகத் தளர்வாகப் பிசைந்து எண்ணெயில் ஊறவைக்கிறோம். கட்டையை ஒதுக்கிவிட்டு வாழையிலையில் விரலால் தட்டுகிறோம். போளியில் எண்ணெய் செய்யும் வேலையைப் பராத்தாவில் தொட்டுக்கொள்ளும் உலர்மாவு செய்கிறது. முனிர்க்காவின் வாடகை அறையில் போளி தட்டத் தெரிந்த ஒருவர் பராத்தாவில் தோற்பதும் இதனால்தான். கொழுக்கட்டைச் சொப்பு செய்யும் விரல் உருண்டையைச் சரியாக மூடிவிடும். கட்டையை அழுத்தும் பழக்கம்தான் வர நாளாகும். இதற்கெல்லாம் தமிழில் ஒரே சொல் இருக்கிறது: பதம். எத்தனை காணொளிகள் பார்த்தாலும் கிராம் கணக்கில் அது கிடைப்பதில்லை. ஒரே கடையின் மாவும் மழைக்காலத்தில் ஒருவிதமாகவும் மே மாதத்து வறண்ட காற்றில் வேறுவிதமாகவும் நீர் கேட்கும்.

அரசு இதைக் கிராமிலும் விழுக்காட்டிலும் அளக்க முயன்ற கதை சுவையானது. சரக்கு மற்றும் சேவை வரியில் ரொட்டிக்கு அப்போது 5 விழுக்காடாக இருந்தது. பரோட்டா ரொட்டியா என்ற கேள்விக்கு 2020இல் கர்நாடகத்தின் முன்தீர்ப்பு ஆணையம் அன்று என்றது. உண்பதற்கு முன் சூடாக்க வேண்டியிருப்பதால் 18 விழுக்காடு. குஜராத்தின் மேல்முறையீட்டு ஆணையம் 2022இல் உறைநிலைப் பராத்தாக்களைப் பற்றி இதே முடிவுக்கு வந்தபோது, அவற்றில் கோதுமை மாவு 36 முதல் 62 விழுக்காடு வரைதான் என்பதைச் சுட்டியது. அதாவது பூரணம் மிகுந்ததே பராத்தாவை ரொட்டிக் குலத்திலிருந்து விலக்கப் போதுமான குற்றமாயிற்று. (வீட்டில் பூரணம் குறைந்தால்தான் குற்றம்.) 2025 செப்டம்பரில் தில்லியில் கூடிய வரி மன்றம் சப்பாத்தி, பராத்தா, பரோட்டா அனைத்துக்கும் வரியை நீக்கியது, 22ஆம் தேதி அது நடைமுறைக்கு வந்தது.

எந்த ஆணையமும் கணக்கிடாத ஒரு பொருள் இதில் உண்டு: செய்பவரின் நேரம். 2024ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லா வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் அதில் நாளொன்றுக்கு 289 நிமிடம் செலவிடுகிறார்கள். ஈடுபடும் ஆண்கள் 88 நிமிடம். பராத்தே வாலி கலியில் வாணலியருகே அமர்ந்திருப்பவர்கள் ஆண்கள். அது தொழில், அதற்குக் கூலியும் பெயரும் உண்டு. வீட்டில் கல்லருகே நிற்பவர் பெரும்பாலும் பெண். அது காலைப்பொழுது, அவ்வளவுதான். பராத்தாவின் இயல்பும் இந்த ஏற்றத்தாழ்வுக்குத் துணைபோகிறது. இட்லியை ஒரே ஈட்டில் பதினாறாக இறக்கி எல்லோரும் சேர்ந்தமரலாம். பராத்தா ஒவ்வொன்றாகவே பிறக்கிறது; கல்லிலிருந்து தட்டுக்கு வந்த சில நிமிடங்களில் அதன் மொறுமொறுப்பு போய்விடும். எனவே உண்போர் அமர்ந்திருக்க, செய்பவர் நிற்கிறார். சூடாகப் போடுவதே அன்பின் அடையாளம் என்று கருதப்படும் வீடுகளில் இந்த நிற்றலை யாரும் வேலையாக எண்ணுவதில்லை. தில்லியின் வெப்பம் 45 டிகிரியைத் தொடும் நாளிலும் காற்றாடி அணைக்கப்படுகிறது, அடுப்பின் சுடர் அலையாதிருக்க.

பேச்சுக்குப் பேச்சு அம்மாவின் பராத்தாவை நினைவுகூரும் விடுதி மாணவர்கள், அவர் அதை எங்கே அமர்ந்து உண்டார் என்பதைச் சொல்லத் தடுமாறுவார்கள். தாமே கட்டையைப் பிடிக்கத் தொடங்கிய சில ஆண் மாணவர்கள் முதலில் வியப்பது மாவைப் பற்றியன்று. நான்கு பேருக்குப் போட்டு முடிப்பதற்குள் தம் பசி கடந்துபோய்விடுவதைப் பற்றி. அதற்குள் பூரணமும் தீர்ந்திருக்கும். மிஞ்சிய ஓர் உருண்டை மாவில் உப்பும் ஓமமும் தூவி, மடித்துத் தேய்த்து, அடுப்பை அணைக்கும் முன் கல்லின் கடைசிச் சூட்டில் சுட்டெடுப்பது செய்தவருக்கு.